மூன்றாவது ஊர்

2022 யூலை 8, வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்து மணி ஆவதற்குச் சற்று முன்னர் ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு கனடா முழுவதும் நின்றுபோனது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கைபேசியும் வீட்டுத் தொலைபேசியும் இணையமும் ஒரே நேரத்தில் அடங்கின. வங்கி அட்டைக் கொடுப்பனவுகளை நடத்தும் இன்ரெராக் கட்டமைப்பு அந்த ஒரு நிறுவனத்தையே நம்பியிருந்ததால், ரொஜர்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களாலும் வங்கி அட்டையால் பணம் செலுத்த முடியவில்லை. கடைக் கதவுகளில் ‘காசு மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். ஆபத்து நேரத்தில் 911 ஐ அழைத்த சிலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. ஸ்காபரோவில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற பாடகர் த வீக்கெண்ட் தன் சொந்த நகரில் அன்றிரவு நடத்தவிருந்த நிகழ்ச்சி தள்ளிப்போனது.

காரணம் பின்னர் வெளிவந்தது. வலையமைப்பை மேம்படுத்தும் பணியின்போது ஒரு ரவுட்டரிலிருந்த வடிகட்டி விதி ஒன்று நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய வழித்தகவல்கள் உள்ளே பாய்ந்து மைய ரவுட்டர்களைத் திணறடித்தன. கைபேசிச் சேவையும் கம்பிவழிச் சேவையும் வெளியே இரண்டாகத் தெரிந்தன. உள்ளே ஒரே மையத்தில் நின்றன. பழுதைத் திருத்த வேண்டிய பொறியியலாளர்கள் உள்ளே நுழையும் வழியும் அதே மையத்தைச் சார்ந்திருந்தது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கைபேசிகளும் அதே நிறுவனத்தினுடையவை. எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிப்பதற்கே பல மணிநேரம் கழிந்தது.

பலவாகத் தெரிந்தவை அடியில் ஒன்றாக இருந்தன. அன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு தரவுத்தளத்தைப் பல இயந்திரங்களில் பரப்பி வைக்கும் வேலை வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதற் கேள்வி அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வருகிறது: இவை எந்த இடத்தில் ஒன்றாகின்றன?

*

1970 இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட், தரவை அட்டவணை வடிவிலான உறவுகளாகப் பார்க்கும் முறையை முன்வைத்தார். அதன்மேல் எழுந்த எஸ்கியூஎல் மொழியில்தான் இன்றும் பல வங்கிக் கணக்குகளும் மருத்துவமனைப் பதிவேடுகளும் பேசுகின்றன. அந்த உலகத்தின் மையத்தில் நெடுங்காலம் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. அது விழுந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, முதலாவதில் எழுதப்படுவதை அதிலும் பிரதி எடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பிரதி பெரும்பாலும் ஒரு கணம் பின்தங்கியே வரும். முதல் இயந்திரம் திடீரென்று இறந்தால் கடைசிக் கணத்தில் எழுதியவை போய்விடும். இரண்டாவது ஓட்டை இன்னும் கொடியது. முதலாவது இறந்துவிட்டது என்று இரண்டாவது தவறாக நினைத்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டால், ஒரே கணக்குக்கு இரண்டு எசமானர்கள் உருவாகிவிடுவார்கள். இருவரும் எழுதுவார்கள். பிறகு எது உண்மை என்று எவராலும் சொல்ல முடியாது.

கூகிள் 2012 இல் தன் ஸ்பானர் தரவுத்தளத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டது. கண்டங்களுக்குக் குறுக்கே பரந்து கிடக்கும் இயந்திரங்கள் ஒரே தரவுத்தளமாக, எஸ்கியூஎல்லின் கண்டிப்புக் குறையாமல் இயங்கலாம் என்று அது காட்டியது. அந்தத் தடத்தில் மற்றவர்கள் வந்தார்கள். முன்னர் கூகிளில் இருந்த மூவர் 2015 இல் நியூயோர்க்கில் தொடங்கிய நிறுவனம் கொக்ரோச்டிபியை உருவாக்கியது. ஃபேஸ்புக்கில் தரவுத்தளங்களைக் கட்டியெழுப்பிய கண்ணன் முத்துக்கருப்பன், கார்த்திக் ரங்கநாதன், மிகயீல் பௌட்டின் ஆகிய மூவரும் 2016 இல் யுகபைட்டைத் தொடங்கினார்கள். இவை தரவைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக மூன்று இயந்திரங்களில் வைக்கின்றன. அந்த மூன்று பிரதிகளும் வாக்களிப்பின் மூலம் உடன்படுகின்றன.

வாக்களிப்பின் விதிகளுக்குப் பெயர் ராஃப்ட். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டியேகோ ஒன்காரோவும் ஜோன் ஊஸ்ரர்ஹவுட்டும் 2014 இல் வெளியிட்டது. முன்பிருந்த பக்சோஸ் முறை கற்பதற்கு மிகக் கடினமாக இருந்ததால், மனிதருக்கு விளங்கவேண்டும் என்பதையே முதல் நோக்கமாக வைத்து இதை வகுத்தார்கள். நம் ஊர்ச் சங்கம் ஒன்றின் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். தலைவர் ஒருவர் தெரிவாகிறார். எந்தத் தீர்மானமும் அவர் வழியாகவே வருகிறது. அவர் முன்மொழிந்ததை மற்றவர்கள் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம் என்று சொல்லவேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் எழுதிய பின்னரே அது தீர்மானமாகும், வெளியே அறிவிக்கப்படும். தலைவரின் குரல் கேட்காமற்போனால் எஞ்சியவர்கள் புதிய தலைவரைத் தெரிவார்கள், ஆனால் பாதிக்கு மேற்பட்டோரின் வாக்கு இல்லாமல் எவரும் தலைவராக முடியாது. சங்கம் இரண்டாகப் பிளந்து இரு அணியும் தாமே உண்மையான சங்கம் என்று சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். ராஃப்டில் அது நடக்காது. சிறுபான்மைப் பக்கத்தில் பழைய தலைவரே இருந்தாலும் அவரால் புதிதாக ஒரு வரியைக்கூடத் தீர்மானமாக்க முடியாது.

இதன் கணக்கு எளியது. கவனமாகப் பார்க்காதவரை ஏமாற்றக்கூடியது. மூன்று பிரதிகளில் இரண்டு உடன்பட்டால் போதும். ஆகவே ஒன்றை இழக்கலாம். ஐந்தில் மூன்று வேண்டும், இரண்டை இழக்கலாம். நான்கில் மூன்று வேண்டும், ஒன்றைத்தான் இழக்கலாம். எனவே நான்காவது பிரதி செலவைக் கூட்டுமே தவிரப் பாதுகாப்பைக் கூட்டாது. இரண்டு பிரதிகள் என்றால் இரண்டுமே உடன்படவேண்டும். ஒன்று விழுந்தாலும் எல்லாம் நிற்கும். தரவு தொலையாது என்பது உண்மை. ஆனால் சேவை தொடர்வதை மட்டும் பார்த்தால் இருவர் இருப்பது ஒருவர் இருப்பதிலும் மோசம். மூன்றாமவர் வந்தால்தான் இருவரின் சொல்லுக்கு மதிப்பு வருகிறது.

*

உடன்பாடு எளிதாகக் கிடைக்கிறது என்று இதிலிருந்து நினைத்துவிடக்கூடாது. 1985 இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பற்றர்சன் மூவரும் கணினி அறிவியலின் மிகக் கடுமையான முடிவுகளில் ஒன்றை நிறுவினார்கள். செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு எல்லை இல்லையென்றால், ஒரே ஒரு இயந்திரம் செயலிழக்கக்கூடும் என்ற நிலையிலும், எப்போதும் உடன்பாட்டில் முடியும் என்று உறுதி தரும் முறை எதுவும் இருக்க முடியாது. சிக்கலின் வேர் மிக எளிய ஒன்றில் இருக்கிறது. பதில் வரவில்லை. அது இறந்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா? இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தவர்களில் இருவர் நான் வாழும் இந்த ரொறன்ரோ நகரத்துக்குரியவர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர்களாகப் பணியாற்றிய வாசோஸ் ஹாட்சிலாகோசும் சாம் துவெக்கும், துஷார் தீபக் சந்திராவோடு சேர்ந்து 1996 இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கேள்வியைக் கேட்டது. உடன்பாடு கைகூட வேண்டுமானால், யார் உயிரோடு இருக்கிறார் என்பது பற்றி ஆகக் குறைந்தது எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும்? அவர்கள் கண்ட விடை வியப்பானது. தவறாகச் சந்தேகிக்கலாம், உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று நினைக்கலாம், மீண்டும் மீண்டும் மனம் மாறலாம். பெரும்பான்மையோர் பிழைத்திருந்து, என்றோ ஒரு கட்டத்தில் அனைவரும் உயிரோடுள்ள ஒரே ஒருவரைத் தலைவராக நம்பத் தொடங்கி, அந்த நம்பிக்கை நிலைத்தால் போதும். இந்த ஆய்வுகளுக்காக அவர்கள் மூவருக்கும் 2010 இல் டெய்க்ஸ்ரா பரிசு கிடைத்தது. இன்று வாக்களித்து உடன்படும் ஒவ்வொரு பரவல் தரவுத்தளமும் இதைத்தான் செய்கிறது. ஒரு காலக்கெடுவை வைத்துக்கொள்கிறது. கெடு கடந்தும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு நடக்கிறது. சந்தேகம் பிழையாக இருந்தாலும் தரவு கெடாது என்பதைப் பெரும்பான்மை விதி பார்த்துக்கொள்கிறது.

இதைப் படிக்கும் ஈழத்தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொன்று நினைவுக்கு வரும். எனக்கும் வருகிறது. 2009 மே மாதத்தில், இலங்கைப் போரின் இறுதி நாட்களில், இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் கார்டினர் அதிவேகச் சாலையில் ஏறி அமர்ந்தபோது, அவர்களில் பலருக்கு வன்னியிலிருந்து தொலைபேசி அழைப்பு நின்று பல நாளாகியிருந்தது. பதில் வராமை இறப்புக்குச் சான்றாகாது என்பதை எந்தக் கணிதமும் படிக்காமல் அவர்கள் அறிந்திருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டமும் அதையே சொல்கிறது. இயந்திரத்துக்குக் காலக்கெடு வைக்கும் உரிமை நமக்கு உண்டு. கெடு கடந்தால் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம். ஒரு தாயிடம் அப்படியொரு கெடுவை ஏற்கச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. கணினியில் பழகிய சொற்களை மனிதர்மேல் ஏற்றும்போது இந்த எல்லைக்கோட்டை நான் தாண்ட விரும்பவில்லை.

*

உடன்பாட்டுக்கு இன்னொரு தேவை நேரம். எது முதலில் நடந்தது என்று தெரியாமல் ஒரு கணக்கை எழுத முடியாது. ரொறன்ரோவின் சூரிய உச்சிக்கும் மொன்றியலின் சூரிய உச்சிக்கும் ஏறத்தாழ 23 நிமிட இடைவெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஊரும் தன் உச்சிவேளையையே பன்னிரண்டு மணி என்று வைத்திருந்தது. தொடருந்துகள் வந்ததும் அந்த வழக்கம் உடைந்தது. உலகம் முழுவதற்கும் ஒரு பொது நேரம் வேண்டும் என்ற முன்மொழிவை சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1879 பெப்ரவரி 8 அன்று வாசித்தது இதே ரொறன்ரோவில், கனடியன் இன்ஸ்ரிரியூட் கூட்டத்தில். 1883 நவம்பரில் வட அமெரிக்கத் தொடருந்து நிறுவனங்கள் மணிவலயங்களுக்கு மாறின. 1884 இல் வாஷிங்டனில் உலக நாடுகள் கூடிக் கிரீன்விச்சைத் தொடக்கக்கோடாக ஏற்றன.

நூறு ஆண்டுகள் கழித்து அதே சிக்கல் மில்லிசெக்கன்களில் திரும்பியது. எந்த இரண்டு கணினிக் கடிகாரங்களும் சரியாக ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. கூகிள் தன் தரவு மையங்களில் அணுக் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் வாங்கிகளையும் வைத்து, நேரம் இந்த இடைவெளிக்குள் எங்கோ இருக்கிறது என்று சொல்லும் முறையை அமைத்தது. அந்த இடைவெளி கழியும்வரை ஸ்பானர் காத்திருந்துவிட்டே எழுதியதை அறிவிக்கிறது. அணுக் கடிகாரம் இல்லாதவர்கள் வேறு வழி தேடவேண்டும். கொக்ரோச்டிபி தன் இயந்திரங்களின் கடிகாரங்கள் 500 மில்லிசெக்கனுக்கு மேல் விலகமாட்டா என்று இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஒரு இயந்திரம் தன் கடிகாரம் மற்றவர்களில் பாதிப்பேருடையதிலிருந்து அந்த எல்லையின் எண்பது விழுக்காட்டைத் தொட்டுவிட்டது என்று கண்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பிழையான நேரத்தோடு தொடர்ந்து பதில் சொல்வதிலும் பார்க்கப் பேசாமல் விலகுவதே நேர்மை என்று அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். பொதுவாழ்வில் அரிதாகிவிட்ட இந்தக் குணத்தை ஒரு நிரலின் வரிகளில் காணும்போது எனக்கு மதிப்புத் தோன்றுகிறது.

*

இத்தகைய தரவுத்தளத்தை இப்போது பலர் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றின்மேல், அதாவது குபெர்னெட்டிஸ் ஆளும் இயந்திரக் கூட்டம் ஒன்றின்மேல், நிறுவுகிறார்கள். கூகிள் 2014 இல் திறந்த நிரலாக வெளியிட்ட குபெர்னெட்டிஸ், நிரல்களைப் பொதிந்த கொன்டெய்னர்களை எந்த இயந்திரத்தில் ஓடவிடுவது, விழுந்தால் எங்கே மீண்டும் எழுப்புவது என்பதைத் தானே பார்த்துக்கொள்கிறது. கூகிள், அமேசன், மைக்ரோசொஃப்ட் மூவரும் இதைச் சேவையாகவே தருகிறார்கள்; கிளஸ்டரின் மூளைப்பகுதியை அவர்கள் நடத்துவார்கள், நாம் மேலே ஓடுவதைக் கவனித்தால் போதும். ஒரு கட்டளை போதும், தேநீர் ஆறுவதற்குள் மூன்று பொட்கள், அதாவது கொன்டெய்னர்கள் ஓடும் மூன்று அலகுகள், எழுந்து நிற்கும். திரையில் பச்சை நிறத்தைக் கண்டதும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

குபெர்னெட்டிஸ் பிறந்தது நினைவு இல்லாத நிரல்களுக்காக. அதன் பார்வையில் எந்தப் பொட்டும் எந்த நேரத்திலும் கொல்லப்படலாம். அதேபோன்ற இன்னொன்று அதே வேலையைச் செய்யும். தரவுத்தளத்தின் பொட் அப்படிப்பட்டது அல்ல. அதற்குத் தனிப் பெயர் வேண்டும். தன் வட்டு எங்கே போனாலும் தன்னோடு வரவேண்டும். 2016 இல்தான் இதற்கான ஏற்பாடு குபெர்னெட்டிஸுக்குள் வந்தது. இன்று அதை ஸ்ரேட்ஃபுல்செட் என்கிறார்கள். அதன் பிறகும் கேட்கவேண்டியவை மிச்சம். மூன்று பொட்களும் ஒரே நோட்டில், அதாவது ஒரே இயந்திரத்தில், ஏறிவிட்டனவா? ஏறியிருந்தால் அந்த நோட் விழும்போது மூன்று வாக்குகளும் ஒன்றாய் விழும். தனித்தனி நோட்டில் இருக்கின்றன, ஆனால் ஒரே மண்டலத்திலா, அதாவது ஒரே கட்டடத் தொகுதியிலா? வட்டுகள் வழக்கமாக மண்டலத்தோடு கட்டுண்டவை. முதலாம் மண்டலத்தில் வட்டை உருவாக்கிவிட்டு இரண்டாம் மண்டலத்தில் பொட்டை எழுப்பச் சொன்னால் அது எழவே எழாது. நோட்டை மேம்படுத்தும் நாளில் சேவை நடத்துபவர் ஒவ்வொன்றாகக் காலி செய்வார். ஒரே நேரத்தில் ஒரு பொட்டுக்கு மேல் இறக்காதே என்ற விதியை நாம் எழுதி வைக்காவிட்டால், முதலாவது மீண்டும் எழும் முன்னரே இரண்டாவதையும் இறக்கிவிடக்கூடும். அதில் அவர் பிழை ஏதுமில்லை. எந்தப் பொட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இயந்திரத்தைப் பார்ப்பதை ஒப்படைக்கலாம். மின்சாரம், குளிரூட்டல், பழுதான வட்டை மாற்றுவது, பாதுகாப்புத் திருத்தம் எல்லாவற்றையும் ஒப்படைக்கலாம். இந்தத் தரவு எதற்காக இருக்கிறது, எதை இழந்தால் தாங்குவோம், எதை இழந்தால் தாங்கமாட்டோம் என்ற தீர்ப்பை மட்டும் எவரிடமும் ஒப்படைக்க முடியாது. ‘மனேஜ்ட்’ என்று விற்கப்படும் எந்தச் சேவையின் ஒப்பந்தத்திலும் அந்தத் தீர்ப்பு இடம்பெறுவதில்லை.

உடன்பாட்டைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். களைப்பில் ஒருவர் தவறான அட்டவணையை அழிக்கும் கட்டளையை இட்டால், மூன்று பிரதிகளும் ஒழுங்காக வாக்களித்து, ஒருமித்து, அதை அழிக்கும். என்ன எழுதப்பட்டது என்பதில் பெரும்பான்மை உடன்படும். எழுதியது சரியா என்று அது கேட்பதில்லை. பிரதிகள் இயந்திரத்தின் சாவிலிருந்து காப்பவை. மனிதப் பிழையிலிருந்து காப்பது வேறு இடத்தில், வேறு சாவியோடு, பழைய நிலையைத் தாங்கி நிற்கும் காப்புப் பிரதி. அதையும் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஒரு வெற்றுக் கிளஸ்டரில் மீட்டெடுத்து, எண்ணிப் பார்த்து, நேற்றைய கணக்கு நேற்று இருந்தபடியே இருக்கிறது என்று கண்ணால் கண்டால்தான் அது காப்பு.

*

இனி நிலப்படத்துக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் 2016 இல் கனடாவில் தன் தரவு மையப் பிராந்தியங்களை ரொறன்ரோவிலும் கியூபெக் நகரிலும் திறந்தது. அமேசன் அதே ஆண்டு மொன்றியலில் திறந்தது. கூகிள் 2018 இல் மொன்றியலிலும் 2021 இல் ரொறன்ரோவிலும் திறந்தது. 2023 டிசெம்பரில் அமேசன் கல்கரியைச் சேர்த்தபோது மூவருக்கும் கனடாவில் இரண்டிரண்டு நகரங்கள் என்றாயிற்று.

இரண்டு. மேலே சொன்ன கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். மூன்று பிரதிகளில் இரண்டை ரொறன்ரோவிலும் ஒன்றை மொன்றியலிலும் வைத்தால், ரொறன்ரோ விழும் நாளில் எல்லாம் நிற்கும். மாற்றி வைத்தால் மொன்றியல் விழும் நாளில் நிற்கும். எத்தனை பிரதிகளைச் சமமின்றி எப்படிப் பங்கிட்டாலும் இரண்டு நகரங்களில் ஒன்றிடம் பெரும்பான்மை சேரும். சமமாகப் பங்கிட்டால் எந்த நகரம் விழுந்தாலும் நிற்கும். ஒரு நகரத்தின் வீழ்ச்சியைத் தாங்கவேண்டுமானால் மூன்றாவது ஊர் ஒன்று வேண்டும். அது பெரிய ஊராக இருக்கவேண்டியதில்லை. வாக்களிக்க ஒரு பிரதி அங்கே இருந்தால் போதும்.

நகரம் விழுமா என்று கேட்பவர்களுக்கு 2003 ஓகஸ்ட் 14 ஐ நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் மின்கம்பிகள் தொய்ந்து வெட்டப்படாத மரங்களில் பட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை நிரல் அதைச் சொல்லாமல் செயலிழந்திருந்தது. அன்று மாலைக்குள் ஒன்ராறியோவின் பெரும்பகுதி உட்பட, ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தார்கள். ரொறன்ரோவின் மூன்று மண்டலங்களுக்கும் தனித்தனி மின்னாக்கிகள் இருக்கலாம். ஆனால் அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தருவது ஒரே ஒன்ராறியோ மின்வலை.

மூன்றாவது ஊருக்கு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போகும். ரொறன்ரோவிலிருந்து நேர்கோட்டில் 500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மொன்றியலுக்குப் போய்வர ஐந்து மில்லிசெக்கன். 2,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்கரிக்கு ஆகக் குறைந்தது இருபத்தேழு. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இவை இன்னும் கூடும். ஒரே வரியை நூறுபேர் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால், ஒவ்வொருவரும் முன்னவரின் உடன்பாட்டுக்காகக் காத்திருக்க நேரும். வேறு நிறுவனத்தின் நகரத்தைச் சேர்த்தால் இரண்டு வலையமைப்புகளை இணைக்கும் சிக்கல் வரும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் சட்டம் குறுக்கே வரும். பொதுத்துறையிலும் மருத்துவத்துறையிலும் தரவு கனடாவுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று கேட்கும் ஒப்பந்தங்கள் பல.

ஆகவே பலர் ஒரே நகரத்தின் மூன்று மண்டலங்களில் பிரதிகளை வைத்து, காப்புப் பிரதியை மட்டும் இன்னொரு நகரத்துக்கு அனுப்புகிறார்கள். நகரம் விழுந்தால் சேவை சில மணிநேரம் நிற்கும், கடைசிச் சில நிமிடங்களின் தரவு போகக்கூடும். இதில் தவறில்லை, அதை எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லி முடிவெடுத்திருந்தால். மூன்று பிரதிகள் இருக்கின்றன, கவலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதைத்தான் நான் தவறு என்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை வரை ரொஜர்ஸ் வலையமைப்பிலும் எல்லாமே ஒன்றுக்கு மேற்பட்டதாகத்தான் தெரிந்தது.

*

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் விலையை நாம் முன்னரே கண்டிருக்கிறோம். ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பல பதிவுகளுக்கு வேறு எங்கும் பிரதி இருக்கவில்லை. சேர்த்து வைப்பதையே காப்பாற்றுவதாக அன்று பல சமூகங்கள் நம்பின, நாமும் நம்பினோம். பெருமைக்குரிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தோம். எரித்தவர்களின் குற்றத்தை இது எள்ளளவும் குறைக்காது. ஆனால் அடுத்தமுறை எவன் தீ வைத்தாலும் அழியாதபடி வைப்பது நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைச் சிலர் ஏற்றார்கள். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் அவர்களோடு இணைந்து ஆவணப் பணிகளில் ஈடுபட்டது. உலக நூலகர்களும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஸ்ரான்ஃபோர்டில் 1990களின் இறுதியில் தொடங்கிய லொக்ஸ் திட்டத்தில் பல நூலகங்களின் கணினிகள் ஒரே ஆவணத்தின் பிரதிகளை வைத்திருக்கும். அவை அவ்வப்போது தமக்குள் வாக்கெடுத்து, ஒன்று சிதைந்திருந்தால் மற்றவற்றிலிருந்து அதைத் திருத்திக்கொள்ளும். தரவுத்தளப் பொறியியலாளரும் நூலகரும் தனித்தனி வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: பிரதிகள் பலவாக இருக்கவேண்டும், அவை ஒன்றாக விழமுடியாதபடி பிரிந்திருக்கவேண்டும், எது சரி என்பதில் தமக்குள் உடன்படும் வழி இருக்கவேண்டும்.

மூன்றில் நாம் முதலாவதை மட்டும் நன்றாகச் செய்கிறோம். உலகெங்கும் சிதறிய நம்மிடம் பிரதிகளுக்குக் குறைவில்லை. ஒரே கிராமத்தின் வரலாறு ஸ்காபரோவில் ஒரு மலராகவும் இலண்டனில் இன்னொரு மலராகவும் இருக்கிறது. அவற்றில் எது பிந்தியது, எது திருத்தப்பட்டது என்று சொல்ல ஆளில்லை. சிதறியிருப்பதும் பரவியிருப்பதும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். பரவியிருப்பவை தமக்குள் பேசிக்கொள்கின்றன, திருத்திக்கொள்கின்றன. சிதறியிருப்பவை ஒவ்வொன்றாக, மற்றதற்குத் தெரியாமல் அழிகின்றன.

ஒரு ஊர்ச் சங்கத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ கோயிலுக்கோ குபெர்னெட்டிஸ் தேவையில்லை, ஸ்பானரும் தேவையில்லை. அந்தத் தொழில்நுட்பம் எந்த ஒழுக்கத்தின்மேல் நிற்கிறதோ அந்த ஒழுக்கம் தேவை. உங்கள் உறுப்பினர் ஏடு, கூட்ட அறிக்கைகள், ஆண்டு மலர்கள், பழைய படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே செயலாளரின் மடிக்கணினியிலும் அவரது ஒரே மின்னஞ்சல் கணக்கிலும் இருந்தால் அது ஒரு பிரதிதான். ஒன்றை இங்கே வையுங்கள். ஒன்றை ஊரில், ஒரு பாடசாலையிலோ நூலகத்திலோ வையுங்கள். மூன்றாவதை இந்த இரண்டோடும் எந்தத் தொடர்புமில்லாத நகரில், வேறொருவரின் பொறுப்பில், வேறு கடவுச்சொல்லோடு வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியிட்டு மூவருக்கும் அனுப்புங்கள். குறைந்தது இருவர் பெற்றுக்கொண்டோம் என்று எழுதும்வரை அதை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்த்து, உங்கள் மூன்றாவது ஊர் எது என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.